அந்தக் குளம் செத்தது நீ பிறந்ததால் இல்லை

1982 ஏப்ரல் 5, திங்கட்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. செத்து மிதந்த மீன் அறுநூற்றுப் பதினான்கு. நானே இறங்கி எண்ணினேன். சரிபார்க்க இன்னொரு தரமும் எண்ணினேன். எண்ணாமல் விட்டால் அடுத்த மாதம் "அஞ்சாறு செத்துச்சு" என்பார்கள், அடுத்த வருஷம் "அங்க எங்க மீனு இருந்துச்சு" என்பார்கள். அன்றைக்கு நீ பிறந்து பத்தாம் நாள்.

இன்றைக்கு முப்பதாம் நாள். நீ சேலைத் தூளியில் கிடந்து கத்திக்கொண்டிருக்கிறாய். கத்து, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. உன்னை வைத்து இந்தத் தோட்டத்தில் பேசிய பேச்சுக்கு நீ இன்னும் பலமாகவே கத்தலாம். இதை நீ வாசிக்கும்போது மீசை முளைத்திருக்கும், எங்கேயாவது வேலைக்கோ கல்யாணத்துக்கோ புறப்பட்டுக்கொண்டிருப்பாய். அந்த வயதில் நிதானமாக உட்கார்ந்து எழுதலாமே என்று உன் அம்மா சொன்னாள். எனக்கு அது சரிப்படாது. அதற்குள் என் கோபம் ஆறிவிடும். கோபம் ஆறினவன் நடந்ததைப் பாதியாகத்தான் சொல்லுவான். நான் முழுதாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எப்போதாவது, ஒரு கல்யாண வீட்டிலோ பதுளை பஸ் ஸ்டாண்டிலோ, எவனாவது உன் தோளில் தட்டி, "நீதானே அந்தக் குளத்து மீனைக் கொன்ன புள்ள?" என்று கேட்பான். சிரித்துக்கொண்டுதான் கேட்பான். நீயும் சிரித்துவிட்டு வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் குளத்தைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஸ்பிரிங்வெளிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இப்படிப்பட்ட தோட்டம் வழி நெடுகத் தெரியும். எங்களுக்குத் தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டும் ஒரு மலை. நாலாம் நம்பர் மலைக்கு அடியில், தேயிலையும் வராது காய்கறியும் வராது என்று கைவிட்ட ஒரு சேற்றுப் பள்ளம் கிடந்தது. நான் மீன் வளர்ப்புப் படித்துவிட்டு அரசாங்க மீன்குஞ்சு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், லயம் என்கிற வரிசைக் குடியிருப்பு மூன்றின் ஆட்களும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பள்ளத்தை வெட்டினார்கள். நான் அதே லயத்தில் பிறந்தவன்தான். ஆனாலும் "மீன் சார்" என்று பெயர் வைத்தார்கள், பாதி மரியாதை, பாதி கிண்டல். திலாப்பியாக் குஞ்சு கொண்டுவந்து விட்டேன். கருவாட்டிலும் டின் மீனிலும் காலம் தள்ளிய சனம் இந்த வருஷப் பிறப்புக்கு மறுநாள் முதல் வலை போடுவது என்று முடிவு செய்தது. ஒவ்வொரு காம்பராவின், அதாவது ஒற்றை அறை வீட்டின், அடுப்பிலும் பச்சை மீன் குழம்பு கொதிக்கும் என்பது பேச்சு. அது பெரிய ஆசை இல்லை. இந்த மலையில் சம்பளத்துக்கு வெளியே தங்கள் கையால் உண்டாக்கிய ஒன்றைத் தாங்களே தின்பதற்கு அந்தச் சனத்துக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது.

நான் படித்தது கிழக்குக் கரையில், கடல் உள்ளே புகுந்த ஒரு களப்பு ஓரத்தில். அங்கே களப்புத் தண்ணீருக்குள் வலையால் வேலி அடைத்து மீன் வளர்ப்பார்கள். வேலிக்குள் இருக்கிற மீன் கடல் மீன் மாதிரி இல்லை, ஆபத்து வந்தால் ஓட அதற்கு இடம் கிடையாது. காற்று நின்று வெயில் காய்ந்த ஒரு கிழமையில் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி சிவந்தது. ஒரே காலையில் அடைப்பு முழுக்க வயிறு மேலாக மிதந்தது. அதற்குச் சொந்தக்காரர் தண்ணீருக்குள் இடுப்பளவு நின்றுகொண்டு வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வயலுக்குப் போட்ட உரமும் ஊரின் சாக்கடையும் மழையோடு வந்து சேர்ந்தால் தண்ணீரில் பாசி வெறி பிடித்து வளரும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார்கள். சில பாசி நஞ்சு. மற்றப் பாசி நஞ்சு இல்லாமலே கொல்லும். பகல் முழுக்க அது ஒட்சிசனை வெளியே விடும், பொழுது சாய்ந்ததும் அதே ஒட்சிசனைத் தானே இழுத்துக் குடிக்கும். மேகம் மூடி வெயில் இல்லாத நாள் இரண்டு சேர்ந்தாற்போல் வந்தால், விடியும் நேரத்தில் மீனுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்த நாற்றம் என் மூக்கில் ஏறினது அங்கேதான். அதே நாற்றம் ஏப்ரல் ஐந்தாம் திகதி விடியற்காலை நாலாம் நம்பர் மலை இறக்கத்தில் அடித்தது. யாரும் எனக்குச் சாத்திரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி சாக்குக் கதை. கவனமாக வாசி, இதில்தான் எல்லாம் இருக்கிறது. கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டுதான் மலை ஏறுவார்கள், இல்லாவிட்டால் தேயிலை வாது சேலையைக் கிழித்துவிடும். அதற்குப் படங்கு என்று பெயர். தரையில் விரிக்கவும் வாசலில் தொங்கப்போடவும் சாக்குத்தான். அதனால் வெறும் உரச் சாக்குக்கு லயத்தில் பட்டுச் சேலைக்குள்ள மதிப்பு. வருஷப் பிறப்புக்கு முன்னால் காம்பராவுக்கு வெள்ளையடிப்பார்கள், பழைய படங்கை எரித்துவிட்டுப் புதுசு கட்டுவார்கள். இந்த வருஷம் தோட்டக் கமிட்டித் தலைவர் ராமையா, தோட்டத்தை நடத்துகிற துரையிடம் பேசி, வீட்டுக்கு நாலு சாக்கு வாங்கிக் கொடுத்தார். வழக்கமாக ஒன்று கிடைப்பதே பெரும் பாடு. துரை எந்த வருஷத்தில் இவ்வளவு தாராளமாக இருந்தார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தலைவர் பெருமையில் இருந்தார், பெண்கள் சந்தோஷத்தில் இருந்தார்கள்.

அந்தச் சாக்குகள் வெறும் சாக்கு இல்லை. உரக் காம்பராவின் கூரைத் தகரம் ஓட்டை. மார்கழி மழை உள்ளே இறங்கி உரம் நனைந்து கல்லாகிவிட்டது. மழைக்கு முன்னால் தகரத்தை மாற்றச் சொல்லிக் கணக்கப்பிள்ளை நடந்து நடந்து ஓய்ந்துவிட்டார் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பழுதான உரத்தை வெளியே எடுத்தால் மேலிடத்தில் ஏன் என்று கேட்பார்கள். உதிர்ந்ததை மட்டும் கொட்டி எடுத்துக்கொண்டு, கட்டி பிடித்த சாக்கை அப்படியே மடித்து, வருஷத்துக்கு இனாம் என்று லயத்துக்கு அனுப்பினார்கள். குப்பையை அள்ளவும் ஆள் தேவைப்படவில்லை. சனம் கும்பிட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போனது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

மலை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்து விழுகிற இடம் பீலி; பெண்கள் சாக்கை அதில் போட்டுத் துவைத்தார்கள். வேறு எங்கே துவைப்பார்கள்? லயத்துக்கு இருப்பது அந்த ஒரு பீலிதான், குளிப்பும் துவைப்பும் அதன் அடியில்தான். அடித்து அலசின தண்ணீர் கான் என்கிற வடிகால் வழியாக இறங்கிக் குளத்துக்குள் போகும். கட்டியைக் கல்லில் தட்டி உடைத்துக் கரைத்தார்கள். ஒரு கிழமை முழுக்க, ஒரு வீடு மாற்றி ஒரு வீடு. அதில் எங்கள் லயத்து மாரியாயி அக்காவுக்கு ஒரு யோசனையும் வந்திருக்கிறது. கட்டியை ஏன் வீணாக்க வேண்டும் என்று தானாகவே இரண்டு கூடை கொண்டுபோய்க் குளத்தில் கொட்டியிருக்கிறாள். பின்னால் நான் கேட்டபோது என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "நீங்கதானே சார் மாட்டுச் சாணி போடுங்க, தண்ணி பச்சையானா மீனு கொழுக்கும்னீங்க. சாணியே நல்லதுன்னா உரம் இன்னும் நல்லதுதானே?" நான் அப்படிச் சொன்னது உண்மை. இளம்பச்சை நல்லது. முழங்கை வரைக்கும் கையை விட்டால் விரல் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் ஆபத்து என்றும் சொல்லியிருந்தேன். முதல் பாதி எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

அந்த நாட்களில் நான் தோட்டத்தில் இல்லை. உன் அம்மாவுக்குக் கால் வீங்கி, மார்ச் நடுவில் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் பஜாரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிற நூர்தீன் நானாவின் கடைப் பின்அறையில் தங்கி, காலையும் மாலையும் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். மார்ச் 27 நீ பிறந்தாய். ஏப்ரல் 3, சனிக்கிழமை உங்கள் இருவரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தேன். உங்களை வீட்டில் இறக்கிவிட்டு நேரே குளத்துக்குப் போனேன். தண்ணீர் பெயின்ட் ஊற்றியது மாதிரி பச்சை. கரையில் நாலைந்து பேர் நின்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டையை மடித்துக் கையை விட்டேன். மணிக்கட்டே தெரியவில்லை.

தீனி போடுவதை நிறுத்தச் சொன்னேன், சாக்கு துவைப்பதை நிறுத்தச் சொன்னேன். மேலே இருந்து நல்ல தண்ணீர் பாய்ச்சினால் பாதி மீனையாவது காப்பாற்றலாம். மேல் ஓடைத் தண்ணீர் முழுக்கப் பங்களாப் பூந்தோட்டத்துக்குப் போகிறது, அதன் வால்வைத் திருப்பினால் குளத்துக்கு வரும். சின்ன வேலை. ஆனால் துரையின் வார்த்தை இல்லாமல் வால்வில் கை வைக்க ஒருவரும் தயாரில்லை. துரை பண்டாரவளைக்கு டென்னிஸ் விளையாடப் போயிருந்தார். சனிக்கிழமை மாலை இடி மேகம் மூடியது, ஞாயிறு முழுக்க வெயிலே இல்லை. வால்வுக் காவலாளியிடம் நான் கெஞ்சவும் செய்தேன், சத்தமும் போட்டேன். "தொரை வரட்டும் சார், எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றான். ரோஜாச் செடிகள் குடித்துக்கொண்டிருந்தன. திங்கள் விடியும்போது மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. நானும் இரண்டு பேரும் வாழைத் தண்டால் தண்ணீரை அடித்துப் பார்த்தோம். மிச்சத்தை முதல் பந்தியில் எழுதிவிட்டேன்.

அன்றைக்குப் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடியிருந்த நேரம், நான் பெண்களைப் பார்த்து, "நீங்கதான் கொன்னீங்க, சாக்குத் துவைச்சுக் கொன்னீங்க" என்று கத்தினேன். நான் சொன்னது ரசாயனத்தில் சரி, மற்ற எல்லாவற்றிலும் பிழை. என் சத்தம் அடங்குவதற்குள் அவர்களுக்கு வேறு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பதினாறு நாள் தீட்டு. அந்தப் பதினாறு நாளும் தகப்பன் கோயிலுக்குப் போகக்கூடாது, பொதுவான கிணற்றைத் தொடக்கூடாது. நான் சனிக்கிழமை குளத்தில் முழங்கை வரை கையை விட்டேன், திங்கட்கிழமை மீன் செத்தது. நாலைந்து பேர் பார்த்த சாட்சி. குளம் வெட்டும்போது மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துத்தான் மண்வெட்டி போட்டார்கள், ஆகவே அது அம்மன் குளம். இதைவிட வசதியான கதை வேறு எங்கே கிடைக்கும்? சாக்குத் துவைத்தவர்களுக்கும் குற்றம் இல்லை, சாக்கு வாங்கிக் கொடுத்த தலைவருக்கும் குற்றம் இல்லை, சாக்குக் கொடுத்த துரைக்கும் குற்றம் இல்லை. குற்றவாளி தூளியில் கிடக்கிற நீ.

மத்தியானத்துக்குள் கதை மூன்று லயமும் சுற்றிவிட்டது. பிள்ளையின் நட்சத்திரம் தண்ணீருக்கு ஆகாது என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். இளவட்டங்கள் என்னைக் கண்டால் வழிமறித்தார்கள். "சார், எங்க கட்டில்ல மூட்டப்பூச்சி தொல்ல. கொஞ்சம் கைய வச்சுட்டுப் போங்களேன்." அதையாவது தாங்கலாம். உன்னைப் பார்க்க வந்தவர்கள் வாசலோடு நின்று, பால்மா டின்னை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உன் அம்மா டின்னை எடுத்து அடுக்கினாள்.

நான் துரையிடம் போனேன். படித்தவர், ஆங்கிலத்தில் பத்திரிகை வாசிக்கிறவர், உரம் தண்ணீரில் போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேநீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "இதப் பாரு தம்பி, இவங்க சாமி சாஸ்திரத்துல நான் தலையிடுறதில்ல. தீட்டுன்னு அவங்களே சொல்றாங்க. அவங்க வழக்கத்த நான் மதிக்கணும்தானே?" போன வருஷம் அதே மாரியம்மனுக்குத் தேர் இழுத்த அன்று வேலைக்கு வராத ஐம்பது பேருக்குப் பேர் வெட்டிச் சம்பளத்தில் கை வைத்த மனிதர் அவர். அன்றைக்கு அவருக்கு வழக்கமும் தெரியவில்லை, சாமியும் தெரியவில்லை. தன் கூரை ஓட்டையை மறைக்க ஒரு துணி தேவைப்பட்டதும் எங்கள் சாமி ஞாபகம் வந்துவிட்டது. மகனே, அறியாமையில் தீட்டு என்று சொல்கிறவள் மேல் நான் கோபப்பட்டது தப்பு. உண்மை தெரிந்துகொண்டே அவளுக்குத் தலையாட்டுகிறவன் இருக்கிறானே, அவன்மேல் படுகிற கோபம் மட்டும் உனக்கு ஒருநாளும் ஆறவே வேண்டாம். "இந்தக் கரைச்சலே வேணாம், பள்ளத்த மூடிரலாம்" என்றும் சொன்னார் துரை. அவருக்கு அதுதான் வேண்டும். குளம் போனால் கேள்வியும் போய்விடும்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். பாசி, ஒட்சிசன், நைதரசன் என்று சுவருக்கே வகுப்பு எடுத்தேன். உன் அம்மா உனக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரே நேரத்தில் இருபது பேர் அழுதால் எதை முதலில் தூக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். "நீங்க பேசுனா ஒருத்தருக்கும் வெளங்காது" என்றாள். "நீங்க அவங்கள கொலகாரினு சொன்னீங்க, அவங்க என் புள்ளய சொன்னாங்க. இனிமே பேசாதீங்க. காட்டுங்க." எப்படிக் காட்டுவது என்பதையும் அவளேதான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைக்காம்பராவிலிருந்து குளிப்பாட்டுகிற அலுமினியத் தொட்டி இரண்டைக் கொண்டுவந்து, பெரட்டுக் களத்துக்குப் போகிற பாதை ஓரம் வெயிலில் வைத்தோம். இரண்டிலும் ஒரே ஓடைத் தண்ணீர். இரண்டிலும் குளத்துப் பச்சைத் தண்ணீர் ஒரு குவளை. குளத்துக்குள் ஊற்று கசிகிற மூலையில் கொஞ்சம் மீன் பிழைத்திருந்தது, அதில் நாலு நாலு குஞ்சு. பிறகு உன் அம்மா மாரியாயி அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினாள். நான் போட்டால் மருந்து வைத்துவிட்டேன் என்பார்கள். "ஒங்க வீட்ல தொவைக்காத சாக்கு மிச்சம் இருக்குல்லக்கா, நீங்களே ஒரு கட்டி எடுத்து இந்தத் தொட்டில போடுங்க" என்றாள். மாரியாயி அக்கா போட்டாள். மற்றத் தொட்டியில் உன் அம்மா உன்னைக் குளிப்பாட்டின தண்ணீரை ஊற்றினாள். தீட்டு நாளில், பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்க, பயத்தமா மிதக்கும் தண்ணீரை. ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள், எதற்கு என்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் உன் குளியல் தண்ணீரில் ஒரு செம்பு அந்தத் தொட்டிக்குப் போனது. எதில் மீன் சாகும் என்று இளவட்டங்கள் பீடி பந்தயம் கட்டினார்கள். முதல் இரண்டு நாள் உன் பக்கம் ஒரு பீடிகூட விழவில்லை.

நாலாம் நாள் சாக்குத் தொட்டி பச்சை கட்டியது. ஆறாம் நாள் அதில் விரலை விட்டால் நகம் தெரியவில்லை. வருஷப் பிறப்புக்கு முதல் நாள், பதின்மூன்றாம் திகதி காலை, வேலைக்குப் போகிறவர்கள் தொட்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். சாக்குத் தொட்டியில் மூன்று மீன் மல்லாந்து கிடந்தது, நாலாவது தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடியது. குளத்தில் பார்த்த அதே காட்சி. உன் தொட்டியில் நாலும் ஓடிக்கொண்டிருந்தது. உன் அழுக்கைத் தின்று கொஞ்சம் கொழுத்தும் இருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன், உன் அம்மா என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் பேசாமல் நின்றதுதான்.

மாரியாயி அக்கா சாக்குத் தொட்டிப் பக்கம் குனிந்தாள். "அப்ப நாமதான் கொன்னோமா?" என்று மெதுவாகக் கேட்டாள். உன் அம்மா, "சாக்க ஒங்களுக்கு உதறாம குடுத்தது யாருக்கா?" என்றாள். அவ்வளவுதான். மாரியாயி அக்கா லயத்துக்குத் திரும்பிப் போனாள். வரும்போது தலையில் துவைக்காத சாக்கு, பின்னால் ஏழெட்டுப் பெண்கள், அவர்கள் தலையிலும் சாக்கு. பெரட்டுக் களத்தில் துரையின் காலடிக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். கட்டிகள் கல் விழுந்தது மாதிரி விழுந்தன.

"தொரை, வருசத்துக்குச் சாக்குக் குடுத்தீங்க, ரொம்பச் சந்தோசம்" என்றாள். "உள்ள இருக்கிறது ஒங்களோடது. அத எடுத்துக்கிட்டு சாக்க மட்டும் குடுங்க."

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை கூரைத் தகரத்தைப் பார்த்தார். கடைசியில், இனிமேல் சாக்கு உரக் காம்பராவிலேயே உதறித்தான் கொடுக்கப்படும் என்று சொல்லிவிட்டுத் துரை ஜீப்பில் ஏறினார். பள்ளத்தை மூடுகிற பேச்சை எடுக்கவில்லை. அன்று மாலையே தலைவர் ராமையா லயம் லயமாகப் போய், "சாக்க உதறிக் குடுக்க வச்சது நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும். உதறினால் போதும். வருஷப் பிறப்புக்கு மறுநாள் எங்கள் லயத்தில் மீன் குழம்பு இல்லை, கருவாடுதான். ஆனால் மாரியாயி அக்கா வாசலைத் தாண்டி உள்ளே வந்து, உன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் வேறு எதையெதையோ பேசிவிட்டுப் போனாள். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

துரை தோற்றுவிட்டார் என்று நினைக்காதே. தோட்டத்தில் கலகம் மூட்டுகிறேன் என்று என் இலாகாவுக்கு எழுதிப் போட்டார். மே மாதம் முதல் எனக்கு இடமாற்றம், நான் படித்த அதே களப்புக்கு. தண்டனை என்று நினைத்து அனுப்புகிறார்கள். பதுளைக்குப் போய் நூர்தீன் நானாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் மூதூர்க்காரர், அந்தக் களப்பும் அந்தப் பக்கம்தான், அவருடைய மச்சான் அங்கே வலை அடைப்பில் மீன் வளர்க்கிறார். "தம்பி, ஒங்கட தோட்டத்து ஓடை பதுளு ஓயாவுல விழுது, அது மகாவலில விழுது, மகாவலி எங்கட ஊர்லதான் கடலுக்குப் போகுது. நீங்க மேல ஊத்துறதெல்லாம் எங்கட வாசலுக்குத்தான் வந்து சேருது. நல்லதாப் போச்சு, நீங்களும் கீழ வந்து பாருங்க" என்றார். எங்கள் தோட்டத்துச் சாக்கு மூதூர் மீனைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு தூரத்தில் அது கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். ஆனால் ஆற்றின் இரண்டு பக்கமும் எத்தனை தோட்டம், வெலிமடை உருளைக்கிழங்குத் தோட்டத்திலிருந்து கீழே வயல் வரைக்கும் எத்தனை மூட்டை, எத்தனை கூரை ஓட்டை, எத்தனை துரை. ஒவ்வொருவரும் "என் ஒரு சாக்குதானே" என்றால், கடைசியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை அவிழ்க்கிறவன் யாரிடம் போய்க் கேட்பான்? அவனிடமும் யாராவது தீட்டு என்றோ கடல் கோபம் என்றோ சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டு டென்னிஸ் விளையாடப் போயிருப்பார்கள்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஒரு காரணம் எல்லோருக்கும் வசதியாக இருந்தால் அதைச் சந்தேகப்படு. கோபப்படு, ஆனால் கத்துவதற்கு முன்னால் யாரைப் பார்த்துக் கத்துகிறாய் என்று ஒருதரம் பார். பெண்சாதி சட்டையை இழுத்தால் வாயை மூடு. மற்றதை நான் செய்து காட்டுவதுதான் சரி. களப்புக்குப் போவதற்கு முன்னும் பின்னும் செய்யப் போவதை உனக்காக எழுதி வைக்கிறேன். செய்தேனா என்று வளர்ந்த பிறகு நீ என்னைக் கேட்கலாம்.

1. உரக் காம்பராவில் மிச்சம் கிடக்கிற கட்டியை, எந்தக் கானுக்கும் எட்டாத மேட்டில் குழி வெட்டிப் புதைக்க வைப்பேன். துரை ஆள் தராவிட்டால் மண்வெட்டி என் கையில்.

2. பீலித் தண்ணீர் குளத்துக்குள் இறங்காமல் விலகிப் போகிற சுற்றுக் கானை முடிப்பேன். பாதி வெட்டியாயிற்று.

3. பங்களா வால்வுக்கு இன்னொரு சாவி லயத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பேன். கிடைக்கும்வரை கேட்பேன். கடிதத்திலும் கேட்பேன்.

4. முழங்கைக் கணக்கின் இரண்டாம் பாதியை மாரியாயி அக்காவுக்கு மறக்க முடியாதபடி சொல்லிக் கொடுப்பேன். விரல் தெரியாவிட்டால் எனக்காகக் காத்திருக்கக்கூடாது, தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

5. நூர்தீன் நானாவுக்குக் கருவாடு ஏற்றி வருகிற லொறி வெறுமையாகத்தான் கிழக்குக்குத் திரும்புகிறது. மலைகளில் உரம் போடுகிற கிழமை எது, மழை எப்போது என்று, இங்கேயே உன்னோடு தங்குகிற உன் அம்மா அதில் சொல்லி அனுப்புவாள். நான் அங்கே வலை அடைப்புக்காரர்களுக்குச் சொல்வேன். அவர்கள் தண்ணீர் நிறம் மாறுமுன் மீனைப் பிடித்துக்கொள்ளட்டும்.

6. ஜூனில் புதுக் குஞ்சு கொண்டுவந்து விடுவேன், லீவு தராவிட்டாலும்.

7. நீ கால் ஊன்றி நிற்கிற அன்றைக்கு உன்னை அந்தக் குளத்துக்குத் தூக்கிக்கொண்டு போவேன். லயத்து ஆட்கள் அத்தனை பேரும் கரையில் நிற்க வேண்டும். உன் கையை முழங்கை வரைக்கும் தண்ணீரில் விடுவேன். விரல் தெரிகிறதா என்று கேட்பேன். நீதான் சொல்ல வேண்டும்.